மன்னாரு எந்தப் பக்கம்?

உக்காருங்க, உக்காருங்க. அது வேண்டாம், அந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுது. இப்படி என் பக்கத்துல வாங்க. உங்க டோக்கன் எத்தனை? இருபத்திநாலா? நான் இருபத்திமூணு. இப்பதான் இருபத்தொண்ணு உள்ள போயிருக்கு. இந்த லால்குடி ஜோசியர் ஒரு ஜாதகத்தைக் கையில எடுத்தா லேசுல கீழ வைக்க மாட்டார். சாவகாசமா பேசலாம்.

யாருக்குப் பாக்க வந்தீங்க? பொண்ணுக்கா? நல்லது. நான் பையனுக்கு. சொன்னா நம்புவீங்களோ மாட்டீங்களோ, எங்க வீட்டுல இந்த ஆறு மாசமா நடக்கிற கூத்துக்கெல்லாம் காரணம் ஒரு காப்ளின்.

காப்ளின்னா பச்சை நிறமா இருக்கும். நம்ம இடுப்பு உசரம். காது ரெண்டும் முறம் மாதிரி. பயப்படாதீங்க, நெசத்துல இல்ல, விளையாட்டுல. மொதல்லேருந்து சொல்றேன். நான் அஸ்த நட்சத்திரம், தேவ கணம். எதையும் பொறுமையா, சாந்தமா... ஏம்ப்பா! ஏம்ப்பா தம்பி! அந்த ஃபேனை யாரு நிறுத்தச் சொன்னது? பொம்பளைங்க உக்காந்திருக்கிறது தெரியல? போடு, போடு. ம்ம். என்ன சொல்லிட்டிருந்தேன்? ஆங், சாந்தம். என் சுபாவமே அதுதான்.

என் பேரு புனிதவதி. திருச்சியில பொம்பளைப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல இருபத்தேழு வருஷம் பி.டி. டீச்சர். கபடி, கோகோ, த்ரோபால். ரிட்டயர் ஆகி ரெண்டு வருஷம் ஆகுது, விசில் மட்டும் இன்னும் கைப்பையில கிடக்கு. பாருங்க.

பையன் பேரு முகில். கம்ப்யூட்டர் வேலை, வீட்டுலேருந்தே பாக்கிறான். ஆடி மாசத்துலேருந்து ஞாயித்துக்கிழமை ஆனா போதும், சாப்பாட்டு மேஜையைச் சுத்தி நாலு பேரு உக்காந்துடுவாங்க. ரியாஸ், லோகேஷ்னு அவனோட காலேஜ் சிநேகிதங்க ரெண்டு பேரு. அப்புறம் தாரிணினு ஒரு பொண்ணு. மாட்டு டாக்டர். ஆமாங்க, நாலாள் சேர்ந்து பிடிக்கிற காளைக்கு அவ ஒருத்தி ஊசி போட்டுட்டு வந்துடுவா. பாத்தா ஒல்லியா இருப்பா.

மேஜை மேல கட்டம் போட்ட பெரிய காகிதம், கலர் கலரா டைஸ். நம்ம தாயக்கட்டை இல்ல, ஒண்ணுக்கு இருபது மூஞ்சி. தாரிணி ஒரு அட்டையை நிமித்தி வச்சு அதுக்குப் பின்னாடி உக்காந்து கதை நடத்துவா. காடு இருக்குன்னு அவ சொன்னா காடு இருக்கு. மழை பெய்யுதுன்னா பெய்யுது. மத்த மூணு பேரும் அந்தக் கதைக்குள்ள ஆளுங்க. முகில் கவசம் போட்ட வீரன், ரியாஸ் வில்லுக்காரன், லோகேஷ் மந்திரவாதி. பேசிப் பேசியே ஆடணும். நாலு வாரம் பாத்துட்டு, "யாருடா ஜெயிச்சீங்க?"ன்னு கேட்டேன். "ஆன்ட்டி, இதுல ஜெயிக்கிறதே கிடையாது"ங்கிறா அந்தப் பொண்ணு. ஒரு பி.டி. டீச்சர்கிட்ட வந்து சொல்ற பேச்சா இது?

ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு தாள் உண்டு. பலம் எவ்வளவு, புத்தி எவ்வளவு, எல்லாம் எழுதியிருக்கும். மூலையில ஒம்பது கட்டம். ஒரு பக்கம் நல்லவன், ஒரு பக்கம் கெட்டவன், நடுவுல ரெண்டுங்கெட்டான். மேல சட்டத்துக்கு அடங்கினவன், கீழ அடங்காதவன். உன் ஆளு எந்தக் கட்டம்னு ஒரு புள்ளி வைக்கணும். நம்ம ஜாதகத்துல பன்னெண்டு கட்டம், இவங்களுக்கு மூணு கொறச்சல்னு நெனச்சுக்கிட்டேன். அதுக்குக் கீழ இன்னொரு வரி: இந்த ஆளு எந்தக் கூட்டத்துக்கு விசுவாசம்.

ஒரு ஞாயித்துக்கிழமை நான் அடுப்படியில தோசை வார்த்துட்டிருக்கேன். ஹால்ல சண்டை. காட்டுக்குள்ள மூணு காப்ளின் வந்து வழிமறிச்சிருக்கு. ரெண்டை அடிச்சுப் போட்டாச்சு. மூணாவது என்ன பண்ணுச்சு? ஈட்டியைக் கீழ போட்டுட்டு மண்டி போட்டு உக்காந்துடுச்சு. லோகேஷ் சொல்றான், "வெட்டிடலாம். காப்ளின்னாலே கெட்ட கட்டம்தான், புக்லயே போட்டிருக்கு." என் பையன் சொல்றான், "விட்டா ஓடிப்போய் அதோட கரும்பாறைக் கூட்டத்துக்குத் துப்பு சொல்லிடும். வெட்டு."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். கோவம்னா கோவம் இல்ல, தேவ கணத்துக்கு எங்க கோவம் வரும், ஒரு நியாயம். தோசைத் திருப்பியோட ஹாலுக்கு வந்துட்டேன். "கீழ விழுந்தவனை மிதிக்கிறதா? எந்த ஊர் ஆட்டம்டா இது?"ன்னேன்.

"அம்மா, அது காப்ளின்மா"ங்கிறான் முகில்.

"இருக்கட்டுமே! அது கேட்டா வந்து காப்ளினா பொறந்துச்சு? உத்தி பிரிச்சு ஆடினதில்ல நீங்க? ரெண்டு பிள்ளைங்க தோள்மேல கை போட்டுக்கிட்டு வந்து, ஒருத்தி சூரியன், ஒருத்தி சந்திரன்னு பேரு வச்சுக்கிட்டு, எது வேணும்னு கேக்கும். கேப்டன் சூரியன்னா சூரியன் இந்தப் பக்கம், சந்திரன் அந்தப் பக்கம். அந்தப் பக்கம் போனவ கெட்டவளா? மாத்திக் கேட்டிருந்தா இந்தப் பக்கம் நின்னிருப்பா. பொறப்பும் அப்படித்தான்டா. எவனோ உத்தி பிரிச்சான், இது அந்தப் பக்கம் விழுந்துடுச்சு!"

தாரிணி அட்டைக்கு மேல எட்டிப் பாத்தா. கண்ணுல ஒரு சிரிப்பு. "ஆன்ட்டி, அப்ப நீங்களே அதுக்காகப் பேசுங்க. நீங்கதான் இனிமே அந்தக் காப்ளின்"னு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டா.

அதுக்குப் பேரு என்னன்னேன். "பேரு இல்ல ஆன்ட்டி, காப்ளின் நம்பர் மூணு"ங்கிறான் ரியாஸ். பேரில்லாம ஒரு பிள்ளை என் கிரவுண்டுல நின்னதில்லைங்க. அந்த நிமிஷமே மன்னாருன்னு பேரு வச்சேன்.

உக்காந்து வாயைத் திறந்தேன். "வெட்டாதீங்கடா சாமிகளா! நான் எட்டு நாளா சாப்பிடல!" அந்தக் குரல் எங்கேருந்து வந்துச்சுன்னே தெரியல. கரகரன்னு, தொண்டையைக் கிழிச்சுக்கிட்டு. குளிச்சுட்டிருந்த எங்க வீட்டுக்காரர் துண்டோட ஓடி வந்துட்டார், திருடன் பூந்துட்டான்னு. பாவம், அவர் கேட்டதே இல்ல. அது என் கிரவுண்டு குரல். ஐந்நூறு பிள்ளைங்களை மைக் இல்லாம நிறுத்தின குரல். பள்ளிக்கூட கேட்டோட விட்டுட்டு வந்துடுவேன், வீட்டுல நான் மெதுவாத்தான் பேசுவேன். என் நாத்தனார் சுலோச்சனா அண்ணி, எங்க வீட்டுக்காரரோட அக்கா, பொண்ணு பாக்க வந்த அன்னிக்கே சொன்னாங்க, "பேச்சு பூப்போல இருக்கு, தேவ கணம்னா சும்மாவா"ன்னு. அப்புறம் எப்படிங்க கத்த முடியும்?

ஆனா மன்னாரு கத்தலாமே. அதுல ஒரு சுகம் இருந்துச்சுங்க, பொய் சொல்லக் கூடாது. சனிக்கிழமை வந்தாலே நாளைக்கு மன்னாரு என்ன பண்ணுவான்னு யோசிக்க ஆரம்பிச்சுட்டேன். பசங்களுக்குப் பொறிவச்ச பாதையெல்லாம் காட்டிக் கொடுத்தான். லோகேஷ் ஆத்துல விழுந்தப்ப குதிச்சுத் தூக்கினான். எங்க வீட்டுக்காரர் கடையில வெங்காயம் வாங்கிட்டு நிக்கும்போது போன் போட்டுக் கேக்கிறார், "மன்னாரு பொழைச்சானா?"ன்னு.

இருபத்திரெண்டு உள்ள போயாச்சு. அடுத்தது நான்தான். சீக்கிரம் சொல்லிடறேன்.

இதுல நான் ஒரு காரியம் பண்ணினேன். தப்புன்னு சொல்ல முடியாது. ஒருநாள் அந்தப் பிள்ளைங்க காப்பி குடிக்க மாடிக்குப் போன நேரத்துல, மன்னாரோட தாளை எடுத்து, கெட்ட கட்டத்துல இருந்த புள்ளியை அழிரப்பரால அழிச்சு, நல்ல கட்டத்துல வச்சுட்டேன். எத்தனை நாளைக்குத்தான் அவன் அந்தக் கட்டத்துலயே கிடப்பான்? அந்தப் பொண்ணு வந்து உக்காந்த உடனே கண்டுபிடிச்சுட்டா. மாட்டுக் கண்ணைப் பாத்தே நோவைச் சொல்றவளாச்சே. "ஆன்ட்டி, இந்தப் புள்ளியை மாத்தினா மன்னாரு மாற மாட்டான். அவன் என்ன செய்யறான்னு பாத்துக்கிட்டே வருவேன். வேளை வரும்போது நானே அழிப்பேன்"னு பழைய இடத்துல மறுபடி புள்ளியை வச்சுட்டா. கோவமே இல்லாம. எனக்குத்தான் மூஞ்சி தொங்கிப் போச்சு. ஆனா உள்ளுக்குள்ள என்ன நெனச்சேன்னா, இவளை மாதிரி ஒரு ரெஃப்ரி எனக்கு மண்டல மேட்ச்ல கிடைச்சிருந்தா மூணு கோப்பை வந்திருக்கும்னு நெனச்சேன்.

ஐப்பசி கடைசியில முகில் வந்து நிக்கிறான். "அம்மா, தாரிணியும் நானும் கல்யாணம் பண்ணிக்கிறோம்." எனக்குத் தெரியாதாங்க? பஜ்ஜித் தட்டை நீட்டினா அவளுக்கு வாழைக்காயைத் தள்ளி வச்சுட்டு இவன் வெங்காயத்தை எடுப்பான். எனக்கு முழு சம்மதம். ஜாதி, மதம், வசதி ஒண்ணுமே கேக்கல நான். ஜாதகம் மட்டும் வாங்கிட்டு வான்னேன். ஒரு சம்பிரதாயத்துக்கு.

வந்துச்சு. சித்திரை நட்சத்திரம். ராட்சச கணம்!

என் பையன் சுவாதிங்க. தேவ கணம். தேவ கணத்துப் பையனுக்கு ராட்சச கணத்துப் பொண்ணைக் கட்டி வச்சா வீடு வீடாவா இருக்கும்? நான் சொல்லல, சுலோச்சனா அண்ணி சொன்னாங்க. எங்க குடும்பத்துல எந்த ஜாதகமும் அவங்க கைபடாம நகராது. எங்க வீட்டுக்காரரைத் தாய்க்குத் தாயா வளத்தவங்க, அவங்க வேண்டாம்னா இவர் மண்டபத்துக்கே வர மாட்டார். "புனிதா, நம்ம வீட்டுக்கு நீ வந்த மாதிரி ஒரு தேவ கணம் வரணும். இது பிடாரி"ன்னுட்டாங்க. என்ன இருந்தாலும் அந்த வார்த்தை எனக்கு நெஞ்சுல குத்துச்சு. ஆனா அண்ணி முன்னாடி நான் குரல் உசத்தினதே இல்லையே.

அந்தப் பொண்ணை உக்கார வச்சுப் பக்குவமா சொன்னேன். "உன்மேல எனக்கு ஒரு குறையும் இல்லம்மா. தங்கமான பொண்ணு நீ. ஆனா பொறப்புலயே வந்ததை யாரால மாத்த முடியும்? சொல்லு."

என்ன அப்படிப் பாக்கிறீங்க? மன்னாரா? ஐயோ, அது வேறங்க. அது ஆட்டம், இது வாழ்க்கை. காப்ளின் தப்பாப் போனா டைஸ் போட்டுச் சரி பண்ணிக்கலாம். மருமக தப்பாப் போனா?

நானும் சும்மா விடல. வழியும் சொன்னேன். "உன் ஜாதகத்துல பொறந்த நேரத்தைக் கொஞ்சம் நகத்தினா சித்திரை அஸ்தமாயிடும். தேவ கணம். எனக்குத் தெரிஞ்ச ஜோசியர் லால்குடியில இருக்கார், காதும் காதும் வச்ச மாதிரி எழுதிக் கொடுப்பார்"னு சொன்னேன். வேற எந்த மாமியாராவது இப்படி எறங்கி வருவாளா? அவ என்ன சொன்னா தெரியுமா? "ஆன்ட்டி, பதினாறு மணி நேரம் வலியில கிடந்து எங்கம்மா என்னைப் பெத்தாங்க. நான் வெளிய வந்தப்ப சுவர்க்கடிகாரத்துல மணி என்னன்னு இன்னிக்கும் சொல்வாங்க. அவங்க போன வருஷம் போய்ச் சேர்ந்துட்டாங்க. அவங்க பாத்த நேரத்தை நான் மாத்த மாட்டேன். மன்னாரு தாளுலயே நான் ஒத்துக்கலயே ஆன்ட்டி"ன்னா.

சொல்லிட்டு டைஸையெல்லாம் பெட்டியில போட்டா. என் பையன் எழுந்து அவ நாற்காலிக்குப் பின்னாடி போய் நிக்கிறான். "அம்மா, நான் அவ பக்கம்." அவ்வளவுதான். இருபத்தொம்பது வருஷம் என் டீம்ல ஆடின பையங்க! நான் விசில் ஊதினா சாப்பாட்டை விட்டுட்டு ஓடி வருவான். ஒரு வாக்கியத்துல அந்தப் பக்கம் போயிட்டான். அழுகை அழுகையா வந்துச்சு. விசுவாசம்னு ஒண்ணு வேண்டாமா? மன்னாரு கரும்பாறைக் கூட்டத்தை விட்டுட்டு வந்தான்னா அது சரி. அந்தக் கூட்டத்து ராஜா அவனைப் பட்டினி போட்டான். நான் என்ன பட்டினியா போட்டேன்?

ரெண்டு ஞாயித்துக்கிழமை மேஜை காலியாக் கிடந்துச்சு. மாவு அரைச்சு வச்சுட்டேன் பழக்க தோஷத்துல, அது புளிச்சுப் போச்சு. வீட்டுக்காரர் பேப்பரைத் தலைகீழா வச்சுப் படிக்கிறார். முகில் ரூமை விட்டு வெளிய வரல. மூணாவது ஞாயிறு காலையில பெல் அடிக்குது. திறந்தா தாரிணி. கையில அந்தப் பெட்டி. பின்னாடி ரியாஸும் லோகேஷும் ஸ்கூட்டரைப் பூட்டிக்கிட்டிருக்காங்க.

"கல்யாணம் நடக்குதோ இல்லையோ, அது வேற ஆன்ட்டி. மன்னாரைக் கோட்டை வாசல்ல நிக்க வச்சுட்டு வந்துட்டேன். பாதியில விட எனக்கு மனசு வரல"ன்னா.

எனக்கும் வரலைங்க. உக்காந்துட்டேன்.

கதை எங்க நிக்குதுன்னா, பசங்க மூணு பேரும் ஒரு கோட்டைக்குள்ள தங்கியிருக்காங்க. மன்னாரு வாசல் காவல். வெளிய கரும்பாறை ராஜா படையோட வந்து நிக்கிறான். மன்னாரு தாழ்ப்பாளைத் திறந்துவிட்டா அத்தனை பேரும் காலி. ராஜாவுக்குத் தாரிணிதான் பேசணும், அவதானே கதை நடத்தறவ. அவ பேசறா: "டேய், நீ எங்க ரத்தம். இவங்க உனக்கு ரெண்டு வேளை சோறு போட்டதும் நல்லவனாயிட்டதா நெனப்பா? உன் தாளை எடுத்துப் பாரு, எந்தக் கட்டத்துல இருக்கேன்னு. பொறப்புலயே வந்ததை யாரால மாத்த முடியும்? சொல்லு."

அந்த வார்த்தையை எங்க பிடிச்சாளோ! அப்படியே சுருக்குன்னு வந்து விழுந்துச்சு. எழுந்து நின்னுட்டேன். கிரவுண்டு குரல் தானா வருது. "போடா! உன் கூட்டத்துல நான் பொறந்தேன், நெசம்தான். நான் கேட்டு வாங்கின பொறப்பு இல்ல. ஆத்துல குதிச்சப்ப எந்தக் கட்டம் குதிச்சுது? நான் குதிச்சேன்டா! நாலு மாசம் இவங்க பக்கத்துல படுத்திருக்கேன், எவன் கழுத்தையாவது கடிச்சேனா? கட்டத்தை வச்சுக்கிட்டு என்கிட்ட வந்து பேசாதே! தாழ்ப்பாள்ல கை வச்சா கையை ஒடிப்பேன்!"

கைப்பையில இருந்த விசிலை எடுத்து ஊதியும் விட்டுட்டேன். கீழ் வீட்டுல நாய் குலைக்குது.

தாரிணி டைஸ்கூடப் போடச் சொல்லல. அட்டையை மடிச்சு ஓரமா வச்சா. மன்னாரோட தாளை எடுத்து, அவ கையாலயே அழிரப்பரை எடுத்து, அந்தப் புள்ளியை அழிச்சா. மெதுவா அழிச்சா, தாள் கிழியாம. நல்ல கட்டத்துல புள்ளி வச்சா. அப்புறம் கீழ் வரிக்கு வந்து பென்சிலை நிறுத்தினா. "இவன் இனிமே எந்தப் பக்கம்னு எழுதட்டும் ஆன்ட்டி?"

"உன் பக்கம்னு எழுதிக்கோ"ன்னேன்.

நான் மன்னாரைத்தாங்க சொன்னேன். அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. விடவே இல்ல. முகில் அந்தப் பக்கமாத் திரும்பி மூக்கை உறிஞ்சறான். நானும்... சரி, விடுங்க. அந்தத் தாளை எனக்கே கொடுத்துட்டா. இந்தா பாருங்க, மடிச்சு வச்சிருக்கேன்.

அதுலேருந்து எனக்கு ஒரே வைராக்கியம். இந்தக் கல்யாணம் நடக்கணும். ஆனா அண்ணிகிட்ட எந்த மூஞ்சியோட போறது? பொண்ணு ஜாதகத்தை மாத்த மாட்டேங்கிறா. ராத்திரி பகலா யோசிச்சேன். நேத்து பூஜை அலமாரியைத் தொடைக்கும்போது பளிச்சுன்னு ஒரு யோசனை.

பையன் ஜாதகத்தை மாத்திட்டா?

சிரிக்காதீங்க! முகில் பொறந்த நேரம் பகல் பதினொண்ணே முக்கால், சுவாதி. அன்னிக்கு ஒரு மணிக்கு மேல விசாகம். விசாகம் என்ன கணம்? ராட்சசம்! ராட்சசனுக்கு ராட்சசி, கணப் பொருத்தம் அமோகம். அண்ணி வாயைத் திறக்க முடியாது. நேரம் சொன்னது யாரு? நான்தானே. மயக்கத்துல இருந்தேன், முள்ளைத் தப்பாப் பாத்துட்டேன்னு சொல்லிட்டாப் போச்சு. இவ அம்மா பாத்த நேரத்தை இவ மாத்தக் கூடாது, சரி. நான் பாத்த நேரத்தை நான் மாத்தலாமில்ல? அதுக்குத்தாங்க வந்திருக்கேன். பெத்த பிள்ளையை ராட்சசன் ஆக்கிக் கொடுங்கன்னு ஒரு தாய் டோக்கன் வாங்கிட்டு உக்காந்திருக்கிறதை நீங்க எங்கயாவது பாத்திருக்கீங்களா?

பலிக்குமான்னு கேக்கறீங்களா? பலிக்காம என்ன? எனக்கே பண்ணினதுதானே!

குனிங்க, சொல்றேன். நான் அஸ்தம் இல்லைங்க. சித்திரை. அந்தப் பொண்ணு என்னவோ, அதேதான். எனக்கு வந்த நாலு வரன் கணத்துலயே தட்டிப் போச்சு. அஞ்சாவதா இவங்க வந்தப்ப எங்கப்பா ஒரு ஜோசியரைப் பிடிச்சு நேரத்தை நகத்தி அஸ்தம்னு எழுதி வாங்கினார். அப்பா போயிட்டார், அம்மா போயிட்டாங்க. இப்ப உலகத்துல எனக்கு மட்டும்தான் தெரியும். இப்ப உங்களுக்கு. முப்பத்திமூணு வருஷம் ஆச்சு. ஒரு குறை உண்டா? வீட்டுக்காரர் குத்துக்கல்லாட்டம் இருக்கார். மாமியாருக்குக் கடைசி மூணு வருஷம் நான்தான் எல்லாம். அண்ணிக்கு ஆபரேஷன் ஆனப்ப ஒரு மாசம் என் கையால கஞ்சி. பாத்தீங்களா, மாத்தி எழுதினது எவ்வளவு நல்லா வேலை செஞ்சிருக்கு!

என்னங்க?

இல்ல, சத்தமாவே சொல்லுங்க. மாத்தி எழுதாமலே இந்த வீட்டுக்கு வந்திருந்தா என்ன ஆயிருக்கும்னா?

என்ன ஆயிருக்கும்... இதே வீட்டுக்காரர்தான். இதே பையன்தான். மாமியாருக்கு நான்தான் பாத்திருப்பேன், வேற யாரு? கஞ்சியும் நான்தான் காய்ச்சியிருப்பேன். காகிதமா காய்ச்சுச்சு?

இருபத்திமூணு! ஆமாங்க, கூப்பிடறாங்க. என்னைத்தான். இருங்க.

இல்ல, நீங்க மொதல்ல போயிட்டு வாங்க. இந்தாங்க என் டோக்கன், உங்களுதை இங்க வச்சுடுங்க. பரவாயில்ல, போங்க, நான் சொல்றேன்ல. நான் ஒரு போன் பண்ணணும். உங்க பொண்ணு ஜாதகத்துல என்ன போட்டிருந்தாலும் பயப்படாதீங்க, பிள்ளையைப் பாத்துக்குங்க. போங்க.

எத்தனை தடவை நம்பரை அழுத்தி அழுத்தி அழிக்கிறேன்? ஒரு போன் பண்றதுக்கு.

ஹலோ. ஹலோ, சுலோச்சனா அண்ணியா? நான் புனிதா பேசறேன். புனிதாதான் அண்ணி. ஒரு நட்சத்திரம் விஷயமாப் பேசணும். முகிலோடது இல்ல, என்னோடது. முப்பத்திமூணு வருஷமாச் சொல்லாம வச்சிருந்தது.

இல்ல அண்ணி, தொண்டையெல்லாம் கட்டிக்கல. என் குரலே இதுதான்.